ஆறரையாம் இடம்

அத்தியாயம் 14

கோபம் வந்தால் சிலருக்கு வாய் நீளும், சிலருக்குக் கை நீளும். அக்காவுக்குப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நீளும். அன்று காலை அவள் தேய்த்த தேய்ப்பில் டீப் பாத்திரத்தின் அடி ஓட்டையாகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

நேற்று மாலை லிஃப்ட் கம்பெனியின் பலகையில் ஒட்டிய பட்டியலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய மருத்துவமனையின் லிஃப்டுகளைப் பராமரிக்க ஆள் எடுக்கிறார்கள். அதற்காகப் பதினோரு மெக்கானிக்குகளுக்குத் தேர்வு. 'தரவரிசை ஆறு வரை வந்தவர்களுக்கு நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது' என்று மேலாளர் முன்பே கையெழுத்துப் போட்டு அறிவித்திருந்தார்.

பெரிய மெக்கானிக்குக்கு எண்பத்து மூன்று மதிப்பெண். அவர் அக்காவின் கணவர். சின்ன மெக்கானிக்குக்கும் எண்பத்து மூன்று. அவன் அக்காவின் தம்பி. இருவர் பெயருக்கு நேரேயும் 'ஆறரை' என்று இருந்தது. அதை அங்கே போட்டவள், அதே கம்பெனி அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் நம் அக்காவேதான்.

ஆறரை என்பது ஆறைத் தாண்டியது. ஆகவே இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

கீழ் வீட்டில் அக்காவும் கணவரும், மாடியில் தம்பியும் அவன் மனைவியும். நேற்று மாலையிலிருந்து மேலும் கீழும் ஒரு வார்த்தைப் போக்குவரத்து இல்லை. இன்று காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதே அக்கா குழாயை மூடிவிட்டாள்.

தம்பி மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் கையெழுத்தையே தடுமாறாமல் படிப்பவளுக்கு நாத்தனாரின் முகத்தைப் படிப்பதா கஷ்டம்?

"அண்ணி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஆறரைன்னா என்ன? ஓட்டப் பந்தயத்துல எவனாவது ஆறரையாவதா வந்து பாத்திருக்கீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கும்மா. ஆறாவது இடமும் ஏழாவது இடமும் ரெண்டு பேருக்கும் பொது. ஆறும் ஏழும் பதிமூணு. அதுல பாதி ஆளுக்கு ஆறரை. எங்க ஆபீஸ்ல எப்பவும் இப்படித்தான் போடுவோம்."

"எப்பவும்னா எதுக்கு?"

"எந்தக் கட்டடத்துல லிஃப்ட் அதிகமா பழுதாகுதுன்னு மாசாமாசம் வரிசை போடுவோம். சமமா வந்தா சராசரி."

"கட்டடத்துக்கு வயிறு கிடையாது அண்ணி. எங்களுக்கு இருக்கு."

கணவர் மேஜையில் ரொட்டியை டீயில் முக்கி, அது கரைந்து உள்ளே விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆபீஸ் பொண்ணு தலைவலி மாத்திரை வாங்க வந்தா. எல்லாம் சொன்னா. சமமா இருந்தா என்ன பண்ணட்டும்னு கம்ப்யூட்டரே கேக்குமாமே? ரெண்டு பேரையும் மேல வைக்கவா, கீழ வைக்கவா, நடுவுல வைக்கவான்னு? மேல வைன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ஆறு. நீங்கதான் நடுவுல வைன்னு சொன்னீங்களாம்."

"ரெண்டு பேரும் என் வீட்டு ஆளுங்க. மேல வெச்சா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து வீட்டு வாடகை கட்டுமா?"

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஊர் பாதிதான் காரணம். அந்தக் கேள்வி திரையில் வந்தபோது அக்காவுக்குக் கை வியர்த்துவிட்டது. மேலே வைத்தால் ஆறுக்குள் ஏழு பேர் வந்துவிடுவார்கள், மேலாளர் அவளையே யாரை வெட்டுவது என்று கேட்பார். அனுபவத்தைப் பார்த்தால் கணவர், படித்து வாங்கிய சான்றிதழைப் பார்த்தால் தம்பி. யார் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் வீடு இடிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் யாருக்கும் நோகாது என்று நினைத்து அந்தப் பொத்தானை அழுத்தினாள். ஆறரை அறிவிப்பின் 'ஆறு வரை'யைத் தாண்டிவிடும் என்பது அப்போது அவள் மண்டையில் ஏறவே இல்லை. வருஷக்கணக்காகப் பழுதுகளுக்குச் சராசரி போட்டுப் பழகின கை.

"உங்க வீட்டுக்காரர விட்டுக் கொடுக்கவும் மனசில்ல, தம்பிய விட்டுக் கொடுக்கவும் மனசில்ல. கடைசில ரெண்டு பேரையும் சேத்துத் தெருவுல விட்டுட்டீங்க. நல்ல நியாயம் அண்ணி!"

அவள் படியேறிப் போனாள். கதவு அறைந்த அறையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "என்னை ஏழாவதா போட்டிருக்கலாம்."

"நான் எப்படிங்க..."

"போட்டிருந்தா ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே? அவனைப் போட்டிருந்தா அவன் பத்து நாள் குதிச்சிருப்பான். ஒண்ணு பண்ணியிருக்கலாம் நீ. ஒண்ணுமே பண்ணாம ரெண்டு பேரையும் கவுத்துட்ட."

கரைந்த ரொட்டியோடு டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் தம்ளரையும் அக்கா தேய்த்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கட்டி வைத்த இடத்தில் இருக்கும், இவள் தானாகப் போய் நடுவில் உட்கார்ந்தவள். அந்த நினைப்பே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'சர்க்கரை' என்று பெயர். ஆளை வேலையைவிட்டுத் தூக்கும்போதுகூட நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் தூக்குவார்.

"வாங்கம்மா, உக்காருங்க. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. ரெண்டு நல்ல மெக்கானிக் போறாங்களேன்னு மனசு கேக்கல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அக்கா உட்காரவில்லை.

"ஆறு இடம் சார். அஞ்சு பேரத்தான் எடுத்திருக்கீங்க. ஆறாவது இடம் என்னாச்சு?"

"ஆறு இடம்னு யாரும்மா சொன்னா? அறிவிப்பப் பாருங்க. 'தரவரிசை ஆறு வரை வந்தவர்களுக்கு.' எத்தனை பேருன்னு எழுதவே இல்லையே. நீங்க ஆறரை போட்டுக் கொடுத்தீங்க. ஆறரை ஆறுக்குள்ள வருமா?"

"மருத்துவமனை வேலைய அஞ்சு பேர் எப்படி சார் பாப்பாங்க?"

"பாத்துக்குவாங்க. நல்ல பசங்க." அவர் புன்னகை கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஒரு சம்பளம் மிச்சம் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் வழிந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம்.

அக்கா திரும்பப் போனபோது அவரே கூப்பிட்டார். "உங்களுக்காக ஒண்ணு செய்யறேம்மா. சாயங்காலத்துக்குள்ள பட்டியலைத் திருத்திக் கொடுங்க. யாரு ஆறு, யாரு ஏழுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. காரணம் எழுதி, உங்க கையெழுத்துப் போட்டு. ஒருத்தராவது பிழைக்கட்டும்."

"நான் எழுதணுமா?"

"உங்க குடும்ப விஷயத்துல நான் மூக்கை நுழைக்கலாமா?" என்றார் சர்க்கரை. "பாவம், உங்க தம்பி காலையிலேயே வந்து சான்றிதழைக் காட்டிட்டுப் போனான். நல்ல சான்றிதழ்."

அக்காவுக்குக் காதில் புகை வந்தது.

பட்டறை, அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது. உயரமான கொட்டகையின் நடுவில் பழகுவதற்கென்று ஒரு லிஃப்ட் கூண்டு நிற்கும். அக்கா உள்ளே நுழைந்தபோது மற்ற மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூண்டின் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் கணவரும் அந்தப் பக்கம் தம்பியும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா! அந்தாள்கிட்டப் போய் சான்றிதழை நீட்டினியா?"

"நீட்டினேன் மாமா. நான் படிச்சு வாங்கினது. திருடினதில்ல."

"ஸ்பேனரை எப்படிப் பிடிக்கணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? அந்தச் சான்றிதழா?"

"அதையே எத்தனை தடவ சொல்லுவீங்க? சொல்லிக் கொடுத்தீங்க, சரி. அதுக்காக ஆயுசுக்கும் உங்க பின்னாடியே நிக்கணுமா? நானும் எண்பத்து மூணுதான் வாங்கியிருக்கேன். நீங்களும் எண்பத்து மூணுதான்!"

இந்தச் சண்டை இன்றைக்குத் தொடங்கியதில்லை என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. உள்ளே வெகுநாளாகப் புகைந்தது, மதிப்பெண் சமமாக வந்ததும் பற்றிக்கொண்டது.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று அக்கா போட்ட சத்தம் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "எல்லாம் உன்னாலதான்!" என்றார்கள் ஒரே குரலில். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

சுவரோரம் நின்றவன் ஒருவன் சிரித்துவிட்டான். பட்டியலில் இரண்டாம் மூன்றாம் இடங்களைச் சமமாகப் பிடித்த இருவரில் அவனும் ஒருவன். அவனுக்கும் இரண்டரைதான் போட்டிருந்தாள் அக்கா. இரண்டரை ஆறுக்குள் அடங்கிவிட்டதால் அவனால் சிரிக்க முடிந்தது. நேற்றிலிருந்து எல்லோரும் அவனை 'ரெண்டரை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, எனக்கும் அரைதான் போட்டாங்க. நான் சண்டை போட்டேனா?" என்றான் ரெண்டரை.

"உனக்கு வேலை இருக்குடா! உனக்கு அஞ்சேமுக்கால் போட்டாலும் சிரிப்ப!" என்று சின்ன மெக்கானிக் அவன்மேல் பாய்ந்தான்.

அக்கா அங்கே நிற்கவில்லை. ஒரே கணக்கு, ஒரே சராசரி. மேலே இருக்கிறவனுக்கு அது வெறும் கேலிப் பெயர், விளிம்பில் நிற்கிறவனுக்கு அது கழுத்தில் கத்தி. இவ்வளவு நாள் அந்தப் பொத்தானை அழுத்தினோமே, ஒருமுறையாவது யோசித்தோமா என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே சர்க்கரை காலையில் சொன்னது மண்டையில் திரும்பவும் ஓடியது. எத்தனை பேரென்று எழுதவே இல்லையே என்றாரே!

இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பட்டியலைத் திறந்தாள். சமமாக வந்தால் மேலே வை என்று மாற்றினாள். இரண்டரைகள் இரண்டும் இரண்டு ஆயின. ஆறரைகள் இரண்டும் ஆறு ஆயின. அடுத்தவன் எட்டாவதாக அங்கேயே நின்றான். ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே இடம் என்று கீழே காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டாள். கை வியர்க்கவில்லை.

சர்க்கரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பேருக்குமே ஆறா? நான் ஒருத்தரைத்தானேம்மா கேட்டேன்?"

"சமமா வாங்கினவங்களுக்கு சமமா கொடுத்திருக்கேன். இப்ப ஆறு வரை வந்தவங்க ஏழு பேரு. எத்தனை பேருன்னு நீங்க எழுதவே இல்லன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அறிவிப்புல உங்க கையெழுத்து இருக்கு."

புன்னகை முதல்முறையாகக் கழன்றது. உள்ளே இருந்த முகம் அவ்வளவு அழகாக இல்லை.

"எனக்கே சட்டம் சொல்றியா?" 'வாங்கம்மா' போய் 'சொல்றியா' வந்துவிட்டது. "நேத்து ஆறரை, இன்னிக்கு ஆறா? உன் வீட்டு ஆளுங்களுக்காக நீ கணக்கை மாத்தினன்னு நான் சொன்னா யாரும் இல்லன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லுங்க. நானும் சொல்றேன், ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்க நீங்க ஆறரையைப் பிடிச்சுத் தொங்கினீங்கன்னு."

அவர் பட்டியலைக் குறுக்கே கிழித்தார். "தேர்வே ரத்து. திங்கட்கிழமை பதினோரு பேருக்கும் மறுபடி வைக்கிறேன். ஆறே பேரு, எண்ணி ஆறு பேரு. நீ அந்தப் பக்கமே வரக்கூடாது. யாராவது சமமா வந்தா யாரு உள்ள, யாரு வெளியன்னு நான் சொல்லுவேன். போ."

செய்தி அவளுக்கு முன்னால் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ரெண்டரை நின்றிருந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"எனக்குக் கிடைச்ச வேலைங்க அது. நேத்து வீட்ல போய்ச் சொல்லிட்டேன். உங்க வீட்டுச் சண்டைக்கு என் வேலையா கிடைச்சுது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அவன் கேட்டதில் தப்பு இல்லை.

வீட்டு வாசலில் தம்பி மனைவி காத்திருந்தாள். நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் இளகி, பிறகு மறுபடி இறுகியது.

"அந்தாள எதுத்துப் பேசினீங்க, அது வரைக்கும் சந்தோஷம். நேத்தே இதைச் செஞ்சிருந்தா யாரு கேட்டிருப்பா? இப்ப அஞ்சு குடும்பத்தோட வயித்தெரிச்சலும் சேந்து வந்திருக்கு." படியில் கால் வைத்தவள் நின்றாள். "அண்ணி, திங்கட்கிழமை எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சாலும் தோத்தாலும் நீங்க எந்தக் கணக்கும் போடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

உள்ளே கணவர் கருவிகளைத் தரையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் துடைத்து, அளவுப்படி வரிசையாக வைத்தார். அக்கா எதிரே உட்கார்ந்தாள். மாடியில் தம்பி நடக்கிற சத்தம் கேட்டது, குறுக்கும் நெடுக்குமாக.

"கேள்விப்பட்டேன்" என்றார் அவர். "கிழிச்சுட்டானாமே."

"ம்."

"ரெண்டு பேருக்கும் ஆறு போட்டது நல்லதுதான். எனக்கு அதுல கோவமில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்." துணியைக் கீழே வைத்தார். "ஊர் இல்ல, மேலாளர் இல்ல, யாரும் கேக்கப் போறதில்ல. ஒரே ஒரு இடம்தான் இருக்கு. யாருக்குக் கொடுத்திருப்ப?"

"இப்ப எதுக்குங்க அது?"

"மேல வைக்காத. கீழ வைக்காத. நடுவுலயும் வைக்காத. சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இரண்டு பக்கமும் இடி வாங்கி, மேலாளரோடு மல்லுக்கட்டி, ரெண்டரையிடம் தலைகுனிந்து வந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் பதில் தயாராகத்தான் இருந்தது. நேற்று திரையின் முன்னால் கை வியர்த்தபோதே இருந்தது. அதை மூடத்தான் அவ்வளவு அவசரமாக அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவளுக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

"தம்பிக்கு" என்றாள்.

கணவர் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. பாசம் கூடக்குறைச்சல்னு இல்ல. வேலை போனா அவன் உடைஞ்சு போயிடுவான். அவனுக்கு அவ்வளவுதான் தெம்பு. நீங்க அப்படி இல்ல. நீங்க தாங்கிக்குவீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தை அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. புதுச் செருப்பு தள்ளிப்போனால் அவர் தாங்கிக்கொள்வார். கடைசித் துண்டு ரொட்டி மச்சானுக்குப் போனால் தாங்கிக்கொள்வார். கீழ் வீட்டில் மழைத் தண்ணீர் வந்தால், மாடியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கிக்கொள்வார். யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"நான் தாங்கிக்குவேன்னு உனக்கு யார் சொன்னா?"

அவர் எழுந்தார், வரிசையாக வைத்த கருவிகளைத் தாண்டிப் போனார். மாடிப்படியில் அவருடைய காலடி கேட்டது. தம்பியின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, அவர் உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழுந்தது. மேலே நடை நின்றுவிட்டது.